'காந்திகிரி'ன்னா என்ன? ரவுடி கையில் ரோஜாப்பூ கொடுத்த காமெடி படமும், அதன் பின்னால் நடந்த நிஜமும்

ஹெல்மெட் போடாமல் பைக்கில் வருகிறார் ஒருவர். சிக்னலில் போலீஸ் கை காட்டி நிறுத்துகிறது. 'போச்சு, ஃபைன் போடப் போறாங்க' என்று நினைத்தபடி வண்டியை ஓரம் கட்டுகிறார். ஆனால் போலீஸ்காரர் ரசீது போடவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு ரோஜாப்பூவை நீட்டுகிறார். பைக்காரருக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

இப்படி ஒரு வீடியோவையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். வட இந்திய ஊடகங்களில் இதற்கு வைக்கும் தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: 'காந்திகிரி'.

இந்த வார்த்தையை காந்தி ஒருநாளும் சொன்னதில்லை. அவர் எழுதிய எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது. 2006-ல் வந்த ஒரு இந்தி காமெடி படத்தில், ஆள் கடத்தும் ரெண்டு ரவுடிகள் பேசிய வார்த்தை இது. அந்தப் படம் 'லகே ரஹோ முன்னா பாய்'.

ஒரு ரவுடி காமெடி எப்படி நாடு முழுக்கப் புழங்கும் போராட்ட வார்த்தையைக் கொடுத்தது? பூ கொடுத்தால் நிஜமாகவே வேலை நடக்குமா? விரிவாகப் பார்ப்போம்.

முதலில் 'கட்டிப்பிடி வைத்தியம்', அப்புறம்தான் காந்தி

முன்னா பாய் தமிழ் ரசிகர்களுக்குப் புதியவர் இல்லை. ராஜ்குமார் ஹிரானி இயக்கி, விது வினோத் சோப்ரா தயாரித்து, 2003 டிசம்பரில் வெளியான 'முன்னா பாய் எம்.பி.பி.எஸ்.' படம்தான் அடுத்த ஆண்டு தமிழில் 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' ஆனது. சரண் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். இந்தியில் சஞ்சய் தத் செய்த முன்னாவை இங்கே கமல்ஹாசன் செய்தார். அர்ஷத் வார்சியின் 'சர்க்யூட்' வேடம் பிரபுவுக்கு வந்தது. அங்கே 'ஜாதூ கி ஜப்பி', இங்கே 'கட்டிப்பிடி வைத்தியம்'.

அந்த முதல் படத்திலேயே இந்தக் கதையின் அடிப்படை இருந்தது. அப்பாவை ஏமாற்ற டாக்டர் வேஷம் போடும் ஒரு ரவுடி, நிஜ டாக்டர்கள் மறந்துபோன அக்கறையை நோயாளிகளிடம் காட்டுகிறான்.

இரண்டாவது பாகம்தான் 'லகே ரஹோ முன்னா பாய்'. வெளியான தேதி 2006 செப்டம்பர் 1. பெயர்தான் இரண்டாம் பாகம், கதைக்குத் தொடர்ச்சி இல்லை. மருத்துவக் கல்லூரி கிடையாது, கதாநாயகியும் வேறு. முன்னாவும் சர்க்யூட்டும் மட்டும் அதே மும்பை 'பாய்' பாஷையோடு திரும்பி வந்தார்கள்.

இந்தப் படம் தமிழில் ரீமேக் ஆகவில்லை. தெலுங்கில் பிரபுதேவா இயக்கத்தில் சிரஞ்சீவி நடித்து 2007-ல் 'சங்கர் தாதா ஜிந்தாபாத்' என்று வந்தது. அடுத்த ஆண்டே சிரஞ்சீவி பிரஜா ராஜ்யம் கட்சியைத் தொடங்கினார்.

சரி, கதை என்ன?

முன்னாவின் தொழில் அடாவடி. லக்கி சிங் என்ற ரியல் எஸ்டேட் புள்ளிக்காக, காலி செய்ய மறுப்பவர்களை மிரட்டி வெளியேற்றிக் கொடுப்பான். ஒரு சதுர அடிக்குக்கூட அடித்துக்கொள்ளும் மும்பையில் அதற்கு எப்போதும் டிமாண்ட் உண்டு.

இந்த முன்னாவுக்குக் காதல் வருகிறது. அதுவும் முகத்தைப் பார்த்து அல்ல, குரலைக் கேட்டு. தினமும் காலையில் ரேடியோவில் பேசும் ஜாக்கி ஜான்வி (வித்யா பாலன்) மேல். காந்தி ஜெயந்தி அன்று காந்தி பற்றி ஒரு விநாடி வினா நடத்தப் போவதாக ரேடியோவில் அறிவிப்பு வருகிறது. ஜெயித்தால் ஜான்வியை நேரில் பார்க்கலாம். ஆனால் முன்னாவுக்கு அக்டோபர் 2 என்றால் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அன்றைக்குச் சரக்குக் கடை லீவு!

என்ன செய்வான்? தனக்குத் தெரிந்ததைச் செய்கிறான். சர்க்யூட்டை விட்டுப் பேராசிரியர்களைக் கடத்தி வந்து, பக்கத்திலேயே உட்கார வைத்துப் பதில் சொல்லி ஜெயிக்கிறான். ஜான்வியிடம் தன்னை வரலாற்றுப் பேராசிரியர் என்று அறிமுகம் செய்துகொள்கிறான். அவளோ, தன் தாத்தாவும் அவருடைய வயதான நண்பர்களும் வசிக்கும் 'செகண்ட் இன்னிங்ஸ் ஹவுஸ்' வீட்டுக்கு வந்து காந்தி பற்றிப் பேசும்படி அழைத்துவிடுகிறாள்.

மாட்டிக்கொண்ட முன்னா ஒரு நூலகத்தில் போய் உட்கார்கிறான். மூன்று நாள், இராப்பகலாக, தூங்காமல் படிக்கிறான். அப்போது அவன் கண்ணுக்கு மட்டும் காந்தி தெரிய ஆரம்பிக்கிறார். கோபப்படாத, புன்னகையோடு பேசும் அந்தக் காந்தியாக வந்தவர் மராத்தி நடிகர் திலீப் பிரபாவல்கர்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். தன் மகளின் சம்பந்தி வீட்டாருக்குக் கொடுப்பதற்காக, அந்த முதியோர் வீட்டையே லக்கி சிங் ஆக்கிரமித்துவிடுகிறார். ஊரார் வீட்டைப் பிடுங்கிக் கொடுத்த முன்னாவுக்கு, இப்போது தன் மனசுக்குப் பிடித்தவர்களின் வீடே பறிபோகிறது. அடித்து வாங்க அவனால் முடியும். ஆனால் 'பாபு' கூடாது என்கிறார்.

'கிரி'ன்னா என்ன?

இங்கேதான் அந்த வார்த்தை வருகிறது. இந்தியில் ஒரு பெயரோடு 'கிரி' சேர்த்தால், அந்த ஆள் செய்யும் வேலை, அவருடைய போக்கு என்று பொருள். தமிழில் நாம் 'தனம்' சேர்க்கிற மாதிரி. தாதா செய்வது 'தாதாகிரி'. நம்ம ஊரில் ரவுடித்தனம்.

அப்படியென்றால் காந்தி செய்வது? 'காந்திகிரி'.

ரவுடிகளுக்கு சத்தியாகிரகம், அகிம்சை என்ற சொற்கள் வாயில் நுழையாது. அதனால் தங்கள் தொழில் பாஷையிலேயே காந்திக்கு ஒரு பெயர் கண்டுபிடிக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த காந்தி, தெருமுனை பாஷையில் பேசப்படும் காந்தியாக மாறியது இந்த ஒரு சொல்லால்தான். கதை, திரைக்கதையில் ஹிரானியோடு சேர்ந்து உழைத்தவர் அபிஜாத் ஜோஷி.

படத்தில் காந்திகிரி எப்படி வேலை செய்கிறது?

லக்கி சிங் வீட்டு வாசலில் முன்னாவும் முதியவர்களும் உட்கார்கிறார்கள். கல் எறியவில்லை, கோஷம் போடவில்லை. லக்கிக்கு ஏதோ உடம்பு சரியில்லை, அதனால்தான் இப்படி நடந்துகொள்கிறார் என்று சொல்லி, 'சீக்கிரம் குணமாகுங்கள்' என்ற வாழ்த்தோடு பூக்களை அனுப்புகிறார்கள். ரேடியோவில் முன்னா பேசப் பேச, ஊரே லக்கிக்குப் பூ அனுப்ப ஆரம்பிக்கிறது.

அதே ரேடியோவில் பொதுமக்களும் பிரச்சினைகளோடு போன் செய்கிறார்கள்.

ஒருவருடைய வாசலில் தினமும் பான் எச்சில் துப்பிவிட்டுப் போகிறார் பக்கத்து வீட்டுக்காரர். முன்னா சொல்லும் வழி: சண்டை போடாதீங்க. அவர் துப்பும் ஒவ்வொரு தடவையும், அவர் கண் முன்னாலேயே சிரித்த முகத்தோடு துடைத்துவிடுங்க. சில நாளில் துப்புகிறவருக்கே கூசிப்போகிறது.

பென்ஷன் ஃபைலை நகர்த்த லஞ்சம் கேட்கிறார் ஒரு அலுவலர். அலைந்து சலித்த முதியவரிடம் முன்னா சொல்கிறான்: கொடுத்திடுங்க, ஆனால் எல்லோருக்கும் முன்னால் கொடுங்க. அவர் அந்த ஆபீசிலேயே சட்டை, செருப்பு, மூக்குக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைக்கிறார். சுற்றி எல்லோரும் பார்க்கிறார்கள். அலுவலருக்கு வியர்த்துக் கொட்டுகிறது, ஃபைலில் கையெழுத்து விழுகிறது.

அப்பாவின் சேமிப்பைப் பங்குச்சந்தையில் தொலைத்துவிட்டுத் தவிக்கிறான் விக்டர் என்ற இளைஞன். அவனுக்கான யோசனை: அப்பாவிடம் போய் உண்மையைச் சொல். சொல்கிறான். பிறகு டாக்ஸி ஓட்டி அந்தப் பணத்தைத் திருப்பிச் சம்பாதிக்கத் தொடங்குகிறான்.

இந்தக் காட்சிகளில் ஒரு பொதுவான சூத்திரம் இருப்பதைக் கவனித்தீர்களா? தப்பு செய்கிறவரை யாரும் திட்டவில்லை. அவர் செய்வதை அவருக்கே காட்டும்படி ஒரு கண்ணாடியைப் பிடிக்கிறார்கள். அதுவும் நாலு பேர் பார்க்கும் இடத்தில்.

ஒரு சின்ன குறிப்பு: நிஜ வாழ்க்கையில் யாராவது லஞ்சம் கேட்டால், சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போங்கள். 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி, லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான். கட்டாயத்தால் கொடுக்க நேர்ந்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் பாதுகாப்பு உண்டு.

ரவுடி நல்லது செய்தால் ஏன் நமக்குச் சிரிப்பு வருகிறது?

கெட்டவன் திருந்தும் கதை நமக்குப் புதிதில்லை. கொள்ளைக்காரன் வால்மீகி ஆனார் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இருப்பவனிடம் திருடி இல்லாதவனுக்குக் கொடுக்கும் 'ஜென்டில்மேன்' வகைப் படங்களும் நிறைய பார்த்திருக்கிறோம். ஆனால் அங்கே நோக்கம்தான் நல்லது, வழி குற்றமாகவே இருக்கும்.

'முன்னா பாய்' மாதிரியான காமெடிகள் அதைத் திருப்பிப் போடுகின்றன. ஆள் மாறுவதற்கு முன்னாலேயே வேலை மாறிவிடுகிறது. பழைய திறமை அப்படியே இருக்கிறது. மிரட்டத் தெரிந்தவன் அதே மிடுக்கோடு 'மரியாதையாப் பூ குடு' என்கிறான். மன்னிப்புக் கேட்பதையும் ஒரு அசைன்மென்ட் மாதிரி செய்கிறான்.

உலக சினிமாவிலும் இது தனி ரகமாகவே உண்டு. 1955-ல் வந்த ஹாலிவுட் படமான 'வீ ஆர் நோ ஏஞ்சல்ஸ்', சிறையிலிருந்து தப்பிய மூன்று கைதிகள் கொள்ளையடிக்கப் போன கடைக்காரர் குடும்பத்துக்கே உதவும் கதை. 2022-ல் வந்த 'தி பேட் கைஸ்' அனிமேஷன் படத்தில், நல்லவர்களாக நடிக்க வேண்டிய கட்டாயத்தில் மாட்டும் திருட்டுக் கும்பலுக்கு அந்த நடிப்பே பிடித்துப்போகும்.

எல்லாவற்றிலும் சிரிப்பு ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. நல்லது செய்வது ரவுடிக்குப் புது வேலை. புது வேலையில் சேர்ந்தவன் மாதிரி தடுமாறுகிறான். அந்தத் தடுமாற்றத்தில் நாம் நம்மையும் பார்க்கிறோம். ஏனென்றால் நிஜமாக 'ஸாரி' சொல்வது ரவுடி அல்லாத நமக்கும் கஷ்டம்தான்.

முன்னா ஒரு கோபத்தில் சர்க்யூட்டை அடித்துவிடுவான். அடிப்பது சுலபம், மன்னிப்புக் கேட்பதுதான் கஷ்டம் என்று காந்தி அவனுக்குச் சொல்லிக்கொடுப்பார். எத்தனையோ பேரை அசராமல் அடித்தவன், தன் நண்பன் முன்னால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் திணறுவான். சிரிக்க ஆரம்பித்த தியேட்டர் அப்படியே அமைதியாகும் இடம் அது.

ரெண்டாவது கன்னத்திலும் அடிச்சா?

படத்தின் மிகப் பிரபலமான காமெடி இதுதான். லக்கி வீட்டு வாட்ச்மேன் முன்னாவை அறைகிறார். காந்தி சொன்னபடி முன்னா மறு கன்னத்தைக் காட்டுகிறான். வாட்ச்மேன் அதிலும் ஒன்று வைக்கிறார். அடுத்த நொடி முன்னா விடும் குத்தில் வாட்ச்மேன் கீழே விழுகிறார். முன்னாவின் நியாயம்: ரெண்டாவது அறைக்கு அப்புறம் என்ன செய்யணும்னு பாபு சொல்லவே இல்லையே!

சிரித்துவிட்டு யோசித்தால், இது சாதாரணக் கேள்வி இல்லை. அகிம்சை பற்றிப் பேசும் எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி இதுதான். எதிராளி வெட்கப்படவே மாட்டேன் என்றால் என்ன செய்வது?

ஒரு தகவலையும் சரிசெய்துகொள்வோம். மறு கன்னத்தைக் காட்டு என்பது காந்தி உருவாக்கிய வாசகம் இல்லை. பைபிளில், மத்தேயு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில், இயேசுவின் மலைப் பிரசங்கத்தில் வருவது. அந்தப் பிரசங்கம் தன்னை ஆழமாகப் பாதித்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார்.

பூ மட்டும்தான் காந்திகிரியா?

இல்லை. படத்தைப் பார்த்தவர்களில் பலர் மறந்துபோகும் இடம் இதுதான்.

முன்னாவின் நிஜ முகத்தை ஜான்வியிடம் போட்டுக்கொடுக்கப் போவதாக லக்கி சிங் மிரட்டுகிறார். முன்னாவுக்கு இரண்டே வழி. ஒன்று, மிரட்டலுக்குப் பணிந்து வீட்டை விட்டுக்கொடுப்பது. இன்னொன்று, தானே போய் உண்மையைச் சொல்வது. முன்னா இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறான். தான் பேராசிரியரும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் ரவுடி என்று ஒப்புக்கொள்கிறான். ஜான்வி அவனை விட்டுப் போய்விடுகிறாள்.

கதையின் நிஜமான திருப்பம் இதுதான். அதுவரை முன்னா செய்த காந்திகிரி எல்லாம் மற்றவர்களைத் திருத்துவதற்காக. அதில் அவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. முதல் தடவையாக அவன் தன்னுடைய எதையோ இழந்து உண்மையைப் பேசுகிறான். அவனை மிரட்ட லக்கியிடம் இருந்த ஆயுதமும் அந்த நொடியே செல்லாக்காசாகிறது.

அடுத்து லக்கி வேறு வழியில் வருகிறார். ஒரு மனநல மருத்துவரை வைத்து, முன்னாவுக்குத் தெரியும் காந்தி வெறும் மனப்பிரமை என்று பத்திரிகையாளர்கள் முன்னிலையில் நிரூபிக்கிறார். முன்னா படித்த விஷயங்களுக்கு மட்டும்தான் அந்தக் காந்தியால் பதில் சொல்ல முடிகிறது. படிக்காததைக் கேட்டால் காந்தியும் மௌனம். படத்தின் பாஷையில் இது 'கெமிக்கல் லோச்சா', அதாவது மூளையில் ஏதோ ரசாயனக் கோளாறு.

படம் இதை மறுக்கவே இல்லை. ஆமாம், அது பிரமைதான் என்று ஒப்புக்கொள்கிறது. காந்தி ஆவியாக வந்து காப்பாற்றுவார் என்ற சமாதானத்தைக்கூட நமக்குத் தரவில்லை. நீ எவ்வளவு படித்தாயோ, அவ்வளவு காந்திதான் உனக்குக் கிடைப்பார்!

தியேட்டருக்கு வெளியே என்ன நடந்தது?

படம் அந்த ஆண்டின் பெரிய வெற்றிகளில் ஒன்று. வெளியான பதினோராவது நாள், 2006 செப்டம்பர் 11, சத்தியாகிரகம் பிறந்து சரியாக 100 ஆண்டு நிறைந்த நாள். 1906-ல் இதே தேதியில்தான் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த கூட்டத்தில் இந்தியர்கள், தங்களைக் கட்டாயப் பதிவு செய்யச் சொன்ன சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். நூற்றாண்டு நிகழ்வுக்காகத் தென்னாப்பிரிக்கா சென்ற அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், தன் உரையில் இந்தப் படத்தைக் குறிப்பிட்டார். நவம்பரில் நியூயார்க் ஐ.நா. தலைமையகத்தில் படம் திரையிடப்பட்டது. தேசிய விருதுகளில் சிறந்த பொழுதுபோக்குப் படம், துணை நடிகர், திரைக்கதை, பாடல் வரிகள் என நான்கு பிரிவுகளில் வென்றது.

இன்னொரு பக்கம், தெருவில் பூக்கள் இறங்கின. லக்னோவில் மதுக்கடைக்கு எதிராக மக்கள் ரோஜாக்களோடு போனார்கள். காந்தி புத்தகங்களின் விற்பனை கூடியதாகச் செய்திகள் வந்தன. ஆனால் காந்திகிரியின் பெரிய சோதனை இந்தியாவில் நடக்கவில்லை. அமெரிக்காவில் நடந்தது.

கிரீன் கார்டு வேண்டி ஆயிரக்கணக்கில் பூங்கொத்து

2007 ஜூன் மாதம். வேலை அடிப்படையில் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் ஜூலை முதல் இறுதிக்கட்ட விண்ணப்பம் கொடுக்கலாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. வருஷக்கணக்கில் காத்திருந்த ஐ.டி. ஊழியர்கள், டாக்டர்கள், ஆராய்ச்சியாளர்கள் பரபரப்பானார்கள். இவர்களில் இந்தியர்கள் ஏராளம். மருத்துவப் பரிசோதனை, வக்கீல் ஃபீஸ், சொந்த ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ் என்று பணத்தையும் லீவையும் கொட்டித் தயாரானார்கள்.

ஜூலை 2. விசா எண்ணிக்கை தீர்ந்துவிட்டது, விண்ணப்பங்கள் ஏற்கப்படாது என்று திடீரென அறிவிப்பு வந்தது.

கோபம் எவ்வளவு இருந்திருக்கும்? ஆனால் அந்நிய நாட்டில், விசாவில் இருப்பவர்கள். சாலை மறியல் செய்ய முடியாது. அவர்கள் செய்தது இதுதான்: ஜூலை 10 அன்று குடியுரிமைச் சேவைத் துறையின் இயக்குநர் எமிலியோ கோன்சாலஸ் அலுவலகத்துக்கு ஆயிரக்கணக்கில் பூங்கொத்துகள் போய்ச் சேர்ந்தன. இது 'முன்னா பாய்' படம் தந்த யோசனை என்று அப்போதே பேசப்பட்டது.

கோன்சாலஸ் பூக்களைத் திருப்பி அனுப்பவில்லை. காயமடைந்த ராணுவ வீரர்கள் சிகிச்சை பெறும் மருத்துவமனைகளுக்கு அவற்றை அனுப்பிவைப்பதாக அறிவித்தார். ஜூலை 17, அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது.

அப்போ பூ ஜெயிச்சிடுச்சா?

முழுசா அப்படிச் சொல்ல முடியாது. அதே நாட்களில் வக்கீல்கள் அமைப்பு ஒன்று வழக்குப் போட ஏற்பாடு செய்திருந்தது. குடியேற்ற விவகாரங்களைக் கவனிக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ லாஃப்கிரன் அரசிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் பேரணியும் நடந்தது. பூங்கொத்து செய்த வேலை வேறு. படிவம், எண், ஒதுக்கீடு என்று யாருக்கும் புரியாமல் கிடந்த ஒரு நிர்வாகக் குளறுபடியை அது செய்தியாக்கியது. போராடுகிறவர்கள் மேல் யாராலும் கோபப்பட முடியாத நிலையை உண்டாக்கியது.

காந்திகிரியும் சத்தியாகிரகமும் ஒண்ணா?

இங்கேதான் விமர்சகர்கள் வருகிறார்கள். காந்தியை வெறும் ரோஜாப்பூவாகச் சுருக்கிவிட்டது படம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

1930 மே 21-ல் குஜராத்தின் தராசனா உப்பு ஆலையை நோக்கி வரிசை வரிசையாக நடந்த தொண்டர்களைப் போலீஸ் தடியால் மண்டையில் அடித்தது. ஒரு வரிசை விழுந்ததும் அடுத்த வரிசை நடந்தது. தடுக்கக்கூட யாரும் கை தூக்கவில்லை. படத்தில் முன்னாவுக்குப் பதில் தெரியாத அந்தக் கேள்விக்கு, ரெண்டாவது அறைக்கு அப்புறம் என்ன என்பதற்கு, தராசனாவில் நடந்தவர்கள் கொடுத்த பதில் அது.

தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற தமிழர்கள் ஏராளம். அவர்களில் ஒருவரான தில்லையாடி வள்ளியம்மை, சிறையில் வந்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்தார்.

ஆக, வித்தியாசம் இது. காந்திகிரி எதிராளியின் வெட்கத்தை நம்புகிறது. சத்தியாகிரகம், எதிராளி வெட்கப்படாவிட்டாலும் நிற்கத் தயாராகிறது. முன்னதற்கு ஒரு பூ போதும். பின்னதற்கு உடம்பையே கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு விமர்சனமும் உண்டு. ஆள் கடத்தியதற்கும் வீடு பிடுங்கியதற்கும் முன்னாவுக்குத் தண்டனையே கிடையாதா? படத்தில் கிடையாது. அவனால் வீட்டை இழந்தவர்கள் என்ன ஆனார்கள் என்றும் படம் காட்டுவதில்லை. சினிமாவில் ரவுடியை மன்னிப்பது சுலபம், அடிபட்டவர்கள் யாரும் நம் பக்கத்து சீட்டில் இல்லை என்பதால்!

திரையில் முன்னா, நிஜத்தில் எரவாடா

தண்டனை என்ற கேள்வியைப் படம் தாண்டிப்போனது. படத்தின் நாயகனால் தாண்ட முடியவில்லை.

257 பேர் கொல்லப்பட்ட 1993 மும்பை தொடர் குண்டுவெடிப்பு வழக்கில், சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்ததாகச் சஞ்சய் தத் கைதானார். 'லகே ரஹோ' தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வழக்கில் தீர்ப்புகள் வரத் தொடங்கின. 2006 நவம்பரில், பயங்கரவாதச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட அவர், ஆயுதச் சட்டத்தின்கீழ் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஜூலையில் 6 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அதை 5 ஆண்டாகக் குறைத்தது. மிச்ச தண்டனையை முடித்து 2016 பிப்ரவரி 25-ல் வெளியே வந்தார்.

அவர் இருந்தது புனே எரவாடா சிறை. காந்தியும் பலமுறை அடைக்கப்பட்ட அதே சிறை. 1932-ல் உண்ணாவிரதம் இருந்து, அம்பேத்கருடன் புனே ஒப்பந்தம் ஏற்பட்டதும் அங்கே இருந்தபோதுதான். சிறைக்குள் கைதிகளுக்கான ரேடியோவில் தான் நிகழ்ச்சி நடத்தியதாக விடுதலைக்குப் பிறகு சஞ்சய் தத் பேசியிருக்கிறார். ரேடியோவில் பேசும் ரவுடி என்ற கதை, கொஞ்சம் வேறு மாதிரி, நிஜத்திலும் நடந்தது.

மூன்றாம் பாகமாக 'முன்னா பாய் சலே அமெரிக்கா' என்று 2007-ல் டீசரே வந்தது. படம் வரவில்லை.

அப்போ, காந்திகிரி எப்போ வேலை செய்யும்?

இதுவரை பார்த்ததிலிருந்து மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன.

ஒன்று, எதிராளிக்கு நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலை இருக்க வேண்டும். பென்ஷன் அலுவலருக்கு இருந்தது. அமெரிக்க அதிகாரிக்கும் இருந்தது. எதற்கும் கூசாதவரிடம் பூ வாடித்தான் போகும்.

இரண்டு, பூவுக்குப் பின்னால் வேறு வேலையும் நடக்க வேண்டும். வழக்கு, மனு, கேள்வி, திரும்பத் திரும்பப் போய் நிற்பது. கேமராவுக்காக ஒருநாள் ரோஜா கொடுத்துவிட்டு மறுநாள் மறந்துபோனால், ஹெல்மெட் போடாதவர் பூவை வாங்கிக்கொண்டு அதே வேகத்தில் கிளம்பிவிடுவார்.

மூன்று, முக்கியமானது. பூ கொடுப்பவர் தன் தப்பை ஒப்புக்கொண்டவராக இருக்க வேண்டும். முன்னா ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தபோது லக்கி சிங் அசரவில்லை, மிரட்டத்தான் செய்தார். முன்னா தன் பொய்யைத் தானே உடைத்த பிறகு, அவனிடம் மிரட்ட எதுவும் மிச்சமில்லை. கடைசியில் வீட்டுச் சாவி திரும்பி வருகிறது. லக்கி சிங் கண்ணுக்கும் காந்தி தெரிய ஆரம்பிக்கிறார். தெரிந்ததும் அவர் செய்யும் முதல் காரியம், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஆள் கூப்பிடுவது!

அடுத்த தடவை எங்காவது பூவோடு ஒரு போராட்டச் செய்தி வந்தால், அந்தப் பூ எவ்வளவு அழகு என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அதைக் கொடுப்பவர் என்ன இழக்கத் தயாராக இருக்கிறார் என்று பாருங்கள். காந்திகிரியா, வெறும் போட்டோவா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.